ஒற்றை வாசல்

அக்காவும் தம்பியும் ஒரே மேஜையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து எழுதிய மென்பொருள் அது. உளி என்று பெயர் வைத்தார்கள். மரப் பட்டறைகளில் கணினியோடு சேர்ந்து ஓடும் எந்திரங்களை அது நடத்தும். எங்கே அறுப்பது, எங்கே துளைப்பது, எவ்வளவு ஆழம் செதுக்குவது என்று படம் வரைந்து கொடுத்தால் போதும், எந்திரத்தை உளி வேலை வாங்கிவிடும். விலை கிடையாது. உள்ளே எழுதியிருப்பதை எவரும் திறந்து படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைத் திருப்பி அனுப்பலாம்.

ஒருவர் முணுமுணுப்பது மற்றவர் காதில் விழும் தூரத்தில் இருந்து எழுதியதால் அதற்குள் சுவர் என்பதே இல்லை. அறுப்பது, துளைப்பது, செதுக்குவது, நிறுத்துவது எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடந்தன. இரண்டு பேர் மட்டும் இருந்தவரை அது வசதியாகத்தான் இருந்தது.

பிறகு ஊர் ஊராகப் பட்டறைகள் உளியை எடுத்துக்கொண்டன. முன்பின் தெரியாதவர்கள் திருத்தம் அனுப்பினார்கள். துளையைச் சரிசெய்ய ஒருவர் கைவைத்தால் வேறொருவருடைய அறுப்பு கோணலாகிவிடும். எந்த நூலை இழுத்தால் எந்த முடிச்சு இறுகும் என்பது தம்பிக்கு மட்டுமே தெரிந்திருந்தது. அதனால் எது வந்தாலும் அவனைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. நல்ல திருத்தங்கள் மாதக்கணக்கில் அவன் வாசலில் காத்துக் கிடந்தன. தூக்கம் கெட்டு, அவன் வாயும் கெட்டது. "முதல்ல படிச்சிட்டு வா" என்பதுதான் அவன் சொன்னதிலேயே மரியாதையான பதில். "இதை எழுதினது கையா, காலா?" என்று ஒருவரிடம் கேட்டான். அவர் அதன்பிறகு வரவே இல்லை.

ரோஷம் உள்ளவர்கள் போனார்கள். பொறுமைசாலிகள் சிலர் நின்றார்கள். தம்பி எதைச் சொன்னாலும் அதன் கீழே "அண்ணன் சொன்னா சரி" என்று எழுதுகிறவர்கள் பெருகினார்கள். அவர்களில் முதல் ஆளாக ஓடி வருகிறவனுக்கு வால் என்று மற்றவர்கள் பட்டம் வைத்திருந்தார்கள். அவனும் அதைப் பெருமையாகவே ஏற்றுக்கொண்டான்.

அக்கா பல தடவை சொல்லிப் பார்த்தாள். "டேய், இதைத் துண்டு துண்டாப் பிரிச்சிடலாம். துளைக்கு ஒருத்தர், அறுப்புக்கு ஒருத்தர்னு பொறுப்பைக் குடுத்துடலாம். நீ ஒருத்தனே எத்தனை நாளைக்கு மாரடிப்ப?"

"குடியிருக்கிற வீட்டை இடிச்சுட்டு எங்கக்கா படுக்கிறது?" என்பான் தம்பி. அவன் பயம் பொய்யில்லை. பிரிக்கும்போது ஒன்று தவறினாலும் எங்கோ ஒரு பட்டறையில் எந்திரம் தறிகெட்டு ஓடும்.

கரடி என்ற பெயரில் எழுதிவந்தவன் பொறுமைசாலிகளில் ஒருவன். பகலில் ஒரு நிறுவனத்தில் நிரல் எழுதுகிறவன். அவன் மனைவி மேஜை நாற்காலி செய்யும் பட்டறை வைத்திருந்தாள். வேலைக்கு இருந்தது இரண்டே பேர், ஆனாலும் எல்லோருக்கும் அவள் முதலாளியம்மாதான். அவர்களுடைய எந்திரம் சொந்தமாகக் கட்டியது. அவசரத்தில் நிறுத்துவதற்கான அதன் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் மின்சாரம் நேராக அறுந்துவிடாது. உளிக்குச் செய்தி போய், உளிதான் எந்திரத்தை நிறுத்த வேண்டும். உளியோ, கையில் எடுத்த கோட்டை அறுத்து முடித்த பிறகுதான் பொத்தானைத் திரும்பிப் பார்த்தது.

கரடி அதைக் கண்டுபிடித்துத் திருத்தி அனுப்பினான். தம்பி படித்தான், சரி என்றும் அவனுக்குத் தெரிந்தது. ஆனால் நிறுத்தும் இடம் எல்லாவற்றோடும் பின்னிக் கிடந்தது. அங்கே தொட்டால் துளையும் செதுக்கலும் என்ன ஆகும் என்று சோதித்துப் பார்க்க அவனுக்கு நேரம் வாய்க்கவில்லை. 'அப்புறம் பார்க்கிறேன்' என்று எழுதினான். கரடி நினைவூட்டினான். மறுபடி நினைவூட்டினான். "அண்ணனை அவசரப்படுத்தாதீங்க" என்று கீழே வால் எழுதினான்.

தன் வீட்டு எந்திரத்தில் மட்டுமாவது அந்தத் திருத்தத்தைப் போட்டுக்கொண்டிருக்கலாம். கரடி போட்டும் இருந்தான். ஆனால் உளியின் புதிய பதிப்பு வந்த அன்று பட்டறையில் யாரோ அதை ஏற்றினார்கள். பழைய ஓட்டை அதோடு திரும்பி வந்தது.

முற்பகலில் நடந்தது. பலகை ஒன்று நழுவியது. முதலாளியம்மா இடது கையால் பொத்தானை அறைந்துவிட்டு வலது கையால் பலகையைப் பிடித்தாள். நின்றுவிடும் என்று நம்பினாள். அறுக்கும் வாள் எடுத்த கோட்டை முடித்துவிட்டுத்தான் நின்றது. முதலில் அவளுக்கு வலிக்கவே இல்லை. மரத்தூள் சிவப்பாவதைப் பார்த்து, யார் சாயத்தைக் கொட்டியது என்று நினைத்தாள். பிறகுதான் மோதிர விரலும் சுண்டு விரலும் எந்திரத்தின் அந்தப் பக்கம் கிடப்பதைக் கண்டாள்.

மருத்துவமனையில் மனைவி கண் விழிப்பதற்கு முன்பே கரடி ரயில் ஏறினான்.

அக்காவும் தம்பியும் வேலை செய்த அறை ஒரு டயர் கடையின் மாடியில் இருந்தது. கரடி படியேறி வந்தபோது தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இருவரும் அதுவரை நேரில் பார்த்ததில்லை. கரடியின் கையில் கீழே கடை வாசலில் கிடந்த இரும்புக் கம்பி இருந்தது.

"நீதானே அப்புறம் பாக்கிறேன்னவன்?"

தம்பி எழுந்திருப்பதற்குள் கம்பி அவன் தாடையில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் ஜன்னலோரம் இருந்த அக்காவுக்குக் கேட்டது. நாற்காலியோடு சாய்ந்தவன் கையை உயர்த்தித் தடுத்தான். இரண்டாவது அடி மணிக்கட்டில் விழுந்தது. "பாரு! இப்பப் பாருடா! பாத்துச் சொல்லு!" ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அடி. தோள், விலா, மறுபடி அதே கை. தம்பியின் வாயிலிருந்து வந்த இரத்தத்தில் பல் ஒன்று மிதந்தது.

அக்கா கத்தவில்லை. இரும்பு நாற்காலியை மடக்கினாள், இரண்டு கையாலும் தூக்கினாள், கரடியின் தலையில் போட்டாள். அவன் திரும்பிப் பார்த்தான். நெற்றியிலிருந்து வழிந்த இரத்தத்தில் கண் திறக்க முடியாமல் தடுமாறினான். மறுபடி போட்டாள். அவன் சுவரில் சரிந்து உட்கார்ந்து, பெரிய உடம்பு குலுங்க, சின்னப் பிள்ளைபோல் அழ ஆரம்பித்தான்.

"ரெண்டு விரல் போச்சு," என்றான். "எழுதி எழுதிச் சொன்னேனே. ரெண்டு விரல் போச்சே."

இவன் யார், விரல் எதனால் போனது என்று அக்காவுக்கு உடனே விளங்கிவிட்டது. பொத்தானைப் பற்றிக் கரடி எழுதியதை அவளும் படித்திருந்தாள். நாற்காலி அவள் கையிலிருந்து நழுவியது. அதற்குள் டயர் கடைக்காரர்கள் ஓடிவந்து கரடியை மிதித்தார்கள். "போதும், செத்துடப் போறான்!" என்று அவனுக்கு மேலே குனிந்து அவள்தான் தடுத்தாள். அதில் ஓர் உதை அவள் முதுகிலும் விழுந்தது.

போலீஸ் வந்தது. கரடியை அழைத்துப்போனார்கள். தம்பியின் தாடையைக் கம்பி வைத்துக் கட்டினார்கள், கைக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். அவனால் பேசவும் முடியவில்லை, எழுதவும் முடியவில்லை.

உளி அப்படியே நின்றுபோனது. இத்தனை ஊர்ப் பட்டறைகள், இத்தனை பேர், ஒருவன் வாய்மூடிப் படுத்ததும் அத்தனையும் படுத்துவிட்டன.

அக்கா முதல் வேலையாகக் கரடியின் திருத்தத்தை உள்ளே சேர்த்தாள். பொத்தானை அழுத்தியதும் எந்திரங்கள் நின்றன. ஆனால் தம்பி பயந்ததும் நடந்தது. எங்கோ ஓர் ஊரில் துளைக்கும் முனை பாதியில் நின்று, தவறான இடத்திலிருந்து மறுபடி கிளம்பி, ஒடிந்து பறந்தது. அது ஒருவருடைய புருவத்தைக் கிழித்துக்கொண்டு போனது. காயத்தைப் படம் எடுத்து அவர் அக்காவுக்கு அனுப்பினார். இருவரில் யார் சரி என்ற கேள்வியே அங்கே இல்லை என்று அவளுக்குப் புரிந்தது. அவர்கள் கட்டிய வீட்டில் யார் நடந்தாலும் யாருக்காவது இடிக்கும்.

அன்றே எல்லோருக்கும் எழுதினாள். உளியை உடைக்கப் போகிறேன். ஒவ்வொரு வேலையும் தனித் தனிப் பகுதி. ஒன்றுக்கும் மற்றதற்கும் நடுவே சுவர். சுவரில் ஒரு சின்ன ஜன்னல். அதன் வழியாக எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பது எழுதி வைக்கப்படும். தெரிந்தவர்கள் ஆளுக்கொரு பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பகுதிக்குள் நீங்கள்தான் பெரியவர், என்னைக் கேட்க வேண்டாம்.

கோபித்துக்கொண்டு போனவர்களில் சிலர் திரும்பினார்கள். கையா, காலா என்று கேட்கப்பட்டவரும் வந்து துளையை எடுத்துக்கொண்டார். "இந்தத் தடவை கையாலயே எழுதறேம்மா" என்றார். நிறுத்தும் பகுதிக்கு மட்டும் யாரும் வரவில்லை. இரத்தம் பட்ட இடம் என்று எல்லோரும் தள்ளி நின்றார்கள்.

தம்பியைப் பார்க்க அக்கா மருத்துவமனைக்குப் போன ஒரு மாலையில், வராந்தாவில் ஒரு பெண் எழுந்து நின்றாள். வலது கையில் கட்டு.

"நீங்கதான் அவனோட அக்காவா? நான் கரடி பொண்டாட்டி."

அக்கா அந்தக் கட்டைப் பார்த்தாள். "உங்க கை..." என்று மட்டும் சொன்னாள்.

"கையைப் பத்திப் பேச வரல. அவரை நான் அடிக்க அனுப்பல. கண்ணு முழிச்சிருந்தா தடுத்திருப்பேன், இல்ல கூடவே வந்து நானும் அடிச்சிருப்பேன், தெரியல." அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். "நிறுத்துறதுக்கு ஆள் இல்லேன்னு பாத்தேன். அதை எனக்குக் குடுங்க."

"உங்களுக்கா?"

"அந்தத் திருத்தத்தைப் பக்கத்துல உக்காந்து பாதி எழுதினவ நான். பேர் போட்டது அவர். கூட ஒண்ணு சொல்றேன். நிறுத்துறது மத்த பகுதிங்ககிட்ட அனுமதி கேக்கக் கூடாது. மத்ததுங்கதான் ஒவ்வொரு அடி வைக்கிறப்பவும், போலாமான்னு அதுகிட்ட கேக்கணும். சம்மதமா?"

அக்கா தலையசைத்தாள். அடித்தவனின் மனைவிக்குக் கொடுக்கிறோம் என்று அவளுக்கு உறைக்காமல் இல்லை. தம்பி அந்தச் சுவருக்கு அப்பால்தான் படுத்திருந்தான்.

தாடைக் கம்பியை எடுத்து வீட்டுக்கு வந்த அன்று தம்பிக்கு அது தெரிந்தது. திரையைப் பார்த்தான். துண்டு துண்டாகக் கிடந்த உளியைப் பார்த்தான். நிறுத்தும் பகுதிக்கு எதிரே இருந்த பெயரைப் பார்த்தான்.

"யாருக்கு?" என்றான். தாடை சரியாக மூடாததால் சொல் குழறியது.

"அவளுக்குத்தான்டா அது தெரியும்."

"என் பல்லை உடைச்சவன் வீட்டுக்கா எழுதி வச்ச?"

"நாம கட்டின வீட்டுலதான்டா உன் பல்லும் போச்சு, அவ விரலும் போச்சு."

அவன் நல்ல கையால் திரையைப் பிடுங்கி அவள்மீது எறிந்தான். ஓரம் பட்டு அவள் கன்ன எலும்பின்மேல் தோல் பிளந்தது. அடுத்து விசைப்பலகை. அடுத்து தண்ணீர் ஜாடி. அக்கா மேஜைக்குக் கீழே பதுங்கவில்லை. நின்று வாங்கிக்கொண்டாள், பிறகு நெருங்கிப்போய் அவனை அறைந்தாள். உடைந்த தாடை என்றும் பார்க்கவில்லை. அவன் முகத்தைப் பிடித்துக்கொண்டு மடங்கினான். கூடப் பிறந்த இரண்டு பேர் கண்ணாடிச் சில்லுகள் நடுவே மூச்சிரைத்துக்கொண்டு நின்றார்கள்.

"நீ ஒடச்சதை வச்சுக்கோ," என்று சொல்லிவிட்டு அவன் பையை எடுத்தான். "முழுசு எங்கிட்ட இருக்கு."

உடைக்காத பழைய நிரலை அப்படியே எடுத்துக்கொண்டு போய், பழைய உளி என்று தனிக்கடை போட்டான். அதைத் தடுக்க யாராலும் முடியாது, எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்பதுதானே முதல் நாளிலிருந்து பேச்சு. அவனோடு போனவர்களெல்லாம் "அண்ணன் சொன்னா சரி" ஆட்கள். அங்கே மறுபடி ஒரே வாசல், அதில் அவன். ஒட்டிய எலும்பு வலிக்க வலிக்க ஒரு கையால் தட்டிக்கொண்டிருந்தான். வேலையைவிட வசவுதான் அதிகம் எழுதினான். ஒருநாள் மத்தியானம், வலியும் ஆத்திரமும் ஒன்றாக ஏறியபோது எழுதினான்: 'அந்தப் பட்டறை இருக்கிறவரைக்கும் இவர்கள் அடங்க மாட்டார்கள்.'

அவன் சொன்னால்தான் எதுவும் நடக்கும் என்று பழகியவர்கள் அங்கே இருந்தார்கள். அவன் சொன்னது நடந்துவிட்டது.

பட்டப்பகலில் முதலாளியம்மாவின் பட்டறை எரிந்தது. பின்பக்கம் அடுக்கியிருந்த பலகைகளில் யாரோ பெட்ரோலை ஊற்றியிருந்தார்கள். மெருகெண்ணெய் டப்பாக்கள் வெடித்தன. ஜாமீனில் வந்திருந்த கரடி உள்ளே பாய்ந்து மனைவியை வெளியே தள்ளினான். தள்ளிவிட்டுத் திரும்புவதற்குள் எரியும் சட்டம் ஒன்று அவன் முதுகில் விழுந்தது. சட்டையோடு தோலும் கழன்று வந்தது. தெருவில் அவனைக் குப்புறப் போட்டுத் தண்ணீர் ஊற்றினார்கள். அவன் போட்ட ஓலம் தெருமுனைவரை கேட்டது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

தம்பிக்கு அதைத் தெரிவித்தவன் வால்தான். செய்தியாக அனுப்பவில்லை, தொலைபேசியில் கூப்பிட்டான். குரலில் அப்படியொரு சந்தோஷம். "அண்ணே, முடிச்சாச்சு. இனிமே வாயைத் தெறக்க மாட்டாங்க."

"எதை முடிச்ச?" என்றான் தம்பி. கேட்கும்போதே அவனுக்குத் தெரிந்திருந்தது.

வால் ஒரு கைப்பேசிக் கடையில் வேலை பார்த்தான். மறுநாள் தம்பி அங்கே போனபோது, அவனை முதன்முதலாக நேரில் பார்த்த பூரிப்பில் வால் எழுந்து நின்று கைகூப்பினான். தம்பி அவன் சட்டைக் காலரைப் பிடித்து மேஜைக்கு மேலாக இழுத்தான். கண்ணாடிப் பெட்டி நொறுங்கியது. முகத்தில் குத்தினான். வால் தடுக்கவில்லை. மூக்கு உடைந்து இரத்தம் வாயில் இறங்கியது. அப்போதும் அவன், "உங்களுக்காகத்தாண்ணே, நீங்க சொன்னதைத்தாண்ணே" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். ஓங்கிய கை அந்தச் சொல்லில் நின்றுவிட்டது. கரடி தன்னை அடித்தபோதுகூடத் தம்பிக்கு அவ்வளவு பயம் வந்ததில்லை.

காலரை விடாமல் போலீஸ் நிலையம்வரை இழுத்துக்கொண்டு போனான். "எரிச்சது இவன். எரிக்கச் சொன்ன மாதிரி எழுதினவன் நான்," என்றான். இருவரையும் உட்கார வைத்தார்கள். வாலை உள்ளே அனுப்பினார்கள். தம்பியிடம் எழுதி வாங்கிக்கொண்டு, கூப்பிட்டால் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அவன் நேராக டயர் கடை மாடிக்குத்தான் போனான். அக்காவின் கன்னத்தில் தையல் தழும்பு இன்னும் மறையாமல் இருந்தது. அவன் அதைப் பார்த்தான், வேறு எங்கோ பார்த்தான்.

"சாப்பிட்டியா?" என்றாள் அக்கா.

"இல்ல."

தட்டு வைத்தாள். மெல்ல முடியாமல் மெதுவாகச் சாப்பிட்டான். பாதியில், "செதுக்குறதுக்கு ஆள் இருக்கா?" என்று கேட்டான்.

"இல்ல."

"நான் எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்கோ. ஆனா அதுக்குள்ள மட்டும்தான் நீ ராஜா. நிறுத்துறதைத் தொடணும்னா அவகிட்டதான் கேக்கணும்."

அவன் சரி என்று தலையசைத்தான். சில மாதங்கள் அப்படியே ஓடின. எரிந்த பட்டறையை முதலாளியம்மா மறுபடி எழுப்பினாள். நிறுத்தும் பகுதியைத் தொட்டுத் தம்பி அனுப்புவதை அவள் சோதிப்பாள், தவறு இருந்தால் ஒரே வரியில் திருப்பி அனுப்புவாள். அவன் திருத்தி அனுப்புவான். வணக்கமும் கிடையாது, வசவும் கிடையாது. துளைப் பகுதியில் இருவருக்குள் பெரிய சண்டை மூண்டது, கெட்ட வார்த்தையெல்லாம் பறந்தது. ஆனால் அந்தச் சண்டை அவர்கள் சுவரைத் தாண்டி வரவில்லை, மற்றவர்கள் தங்கள் வேலையைப் பார்த்தார்கள்.

கரடியின் வழக்கு விசாரணைக்கு வந்தது. முதுகு ஆறாததால் அவன் கூண்டில் சாயாமல் நிமிர்ந்தே நின்றான். தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அடித்தது இவன்தான், கம்பியால்தான் என்றான். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று நீதிபதி கேட்டார்.

"அவர் அனுப்பின செய்தியை நான் படிச்சேன். சரின்னு தெரிஞ்சும் ஒதுக்கி வச்சேன்."

"அதுக்காக அடிக்கலாமா?"

"கூடாதுங்க. ஆனா நான் படிச்சது உண்மை."

கரடிக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. எதிர்பார்த்ததைவிடக் குறைவு. அழைத்துப்போகும்போது அவன் தம்பியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வெளியே வராந்தாவில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முதலாளியம்மா வந்தாள். அக்காவைத் தாண்டித் தம்பி முன்னால் நின்றாள். அத்தனை பேர் பார்க்க, வலது கையை வீசி அவன் கன்னத்தில் அறைந்தாள். மிச்சமிருந்த விரல்கள்தான் பட்டன, ஆனாலும் பழைய முறிவு இருந்த பக்கம். அவன் கண்ணில் நீர் முட்டியது. அக்கா முன்னால் வந்தாள், அவன் கைநீட்டி அவளை நிறுத்தினான்.

முதலாளியம்மா மூச்சு இரைக்க நின்றாள். கையை உதறினாள், அவளுக்கும் வலித்திருக்க வேண்டும். "நேத்து நீ அனுப்பினதைப் பாத்தேன்," என்றாள். "ரெண்டு இடத்துல தப்பு. சரி பண்ணி அனுப்பு."

திரும்பி விறுவிறுவென்று படியிறங்கிப் போனாள்.

தம்பி கன்னத்தைத் தடவிக்கொண்டு நின்றான். "எந்த ரெண்டு இடம்னு சொல்லவே இல்லயேக்கா."

"வேணும்னா ஓடிப்போய்க் கேளு," என்றாள் அக்கா.

 அவன் அடிபட்ட கன்னத்தை ஒரு கையால் பொத்திக்கொண்டு முதலாளியம்மாவின் பின்னால் படியிறங்கி ஓடினான்.